ஈரச் சாக்குக்குக் கீழே

பெர்சிஸ் டீச்சருக்குத் தீக்குச்சி கிழிக்க வராது. சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தம் சாலையில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருஷமாக வேதியியல் எடுக்கிறவளைப் பற்றி இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் உண்மை. வீட்டில் அடுப்பைக் கணவர் மெர்வின் பற்ற வைத்துவிட்டுப் போனால்தான் பால் காயும். ஆய்வகத்தில் பர்னரை உதவியாளர் பற்ற வைப்பார். டீச்சர் கதவை ஒட்டி நின்றுகொண்டு, "சுடரைக் கொஞ்சம் குறைங்க" என்பாள். தீபாவளி வந்தால் ஊரே வானத்தைப் பார்க்கும். அவள் மட்டும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உள்ளறையில் விடைத்தாள் திருத்துவாள்.

பயம் எங்கே பிடித்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அம்மா ஞானபூரணி சிவகாசியில் ஓர் ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் நர்ஸ். பத்து வயதில், ஒரு தீபாவளி சீசன் நேரத்தில், அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள் பெர்சிஸ். அன்று நடைபாதை முழுக்கப் படுக்கைகள். பதினொரு பேர். அம்மா ஓடிவந்து அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, "கண்ணை மூடிக்கோ. சுவத்தைத் தொட்டுக்கிட்டே வெளிய போயிரு" என்றாள். கண்ணை மூடினாள். மூக்கை மூடத் தோன்றவில்லை. நாற்பது வயதிலும் அந்த நடைபாதை அவளுக்கு வாடையாகத்தான் நினைவிருக்கிறது.

பாம்புக்குப் பயந்தவனுக்குத்தான் எல்லாப் பாம்பின் பெயரும் தெரிந்திருக்கும். அப்படித்தான் அவள் வேதியியலுக்குப் போனாள். வெடிமருந்துக்குள் என்னதான் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். கல்லூரியில் தெரிந்தது: உள்ளே எதுவும் ஒளிந்திருக்கவில்லை. தீ என்று தனியாக ஒன்று மருந்துக்குள் கிடையாது. எந்த அணு எந்த அணுவை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் விஷயம். பிடித்த கையைப் பிரிக்கச் சூடு கொடுக்க வேண்டும். வேறொரு கையை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்போது சூடு வெளியே வரும். கொடுத்ததைவிட வந்தது அதிகமாகி, அதுவும் ஒரே மூச்சில் வந்துவிட்டால், அதற்குப் பெயர் வெடி. இது தெரிந்த பிறகு பயம் குறையும் என்று நினைத்தாள். கூடிவிட்டது. ஒளிந்திருக்கிற ஒன்றையாவது பூட்டி வைக்கலாம். கை மாறுவதை எங்கே பூட்டுவது?

பதினொன்றாம் வகுப்பில் பிணைப்பும் மூலக்கூறு வடிவமும் வரும் வாரம் அவள் வகுப்பில் கொண்டைக்கடலை வாசம் அடிக்கும். ஊறவைத்த கடலைதான் அணு. பிணைப்புக்கு, தீப்பெட்டி ஆபீஸில் இருந்து பிள்ளைகள் கொண்டுவரும் மருந்து ஏற்றாத வெறுங்குச்சி.

"டீச்சர், இவன் நைட்ரஜனைத் தின்னுட்டான்!"

"தின்னா தின்னுட்டுப் போறான். இன்னொரு நைட்ரஜன் எடு."

நைட்ரேட்டை அவள் மேசையில் படுக்க வைத்துக் காட்டுவாள். நடுவில் ஒரு நைட்ரஜன், சுற்றிலும் மூன்று ஆக்ஸிஜன். மின்விசிறியின் மூன்று இறக்கை மாதிரி தட்டையாகக் கிடக்கும். பிறகு அம்மோனியா. அதிலும் நடுவில் நைட்ரஜன்தான், சுற்றிலும் மூன்று பேர்தான், ஆனால் அவர்கள் ஹைட்ரஜன்கள். தட்டையாகப் படுக்காது. யாரோடும் சேராமல் நைட்ரஜன் தலையில் உட்கார்ந்திருக்கும் ஓர் எலக்ட்ரான் ஜோடி மூன்று பேரையும் கீழே தள்ளிவிடும். மூலக்கூறு முக்காலியாக எழுந்து நிற்கும். "விசிறி படுத்திருக்கும், முக்காலி நிக்கும். ரெண்டையும் குழப்பினா மார்க் போச்சு" என்பாள்.

பாடத்துக்கு நடுவே சில நாள் தூரத்தில் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்கும். அப்போது வகுப்பில் யாரும் பேச மாட்டார்கள். எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பும். புகை எந்தத் திசை என்று தெரிந்ததும் பாதிப் பேர் மூச்சு விடுவார்கள். மீதிப் பேர் விட மாட்டார்கள். பெர்சிஸ் சாக்பீஸோடு நின்றுகொண்டே இருப்பாள். மறுநாள் செய்தியில் 'உராய்வு காரணமாக' என்று ஒரு வரி வரும். எல்லா விபத்துக்கும் அதே வரிதான்.

அந்தச் சனிக்கிழமை, தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் எதிர்பாராத மழை கொட்டி ஓய்ந்திருந்தது. ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடப் பெற்றோர் வந்துகொண்டிருந்தார்கள். பதினொரு மணி வாக்கில், கம்பெனியில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் சொல்லிவிட்டு வெள்ளைத்தாய் வந்தாள். பதினொன்றாம் வகுப்பு அழகுமீனாவின் அம்மா. பேன்சி வெடி செய்யும் பட்டறையில் மணிமருந்து உருட்டுகிறவள். வானத்தில் போய்ப் பூவாக விரிகிற உருண்டைகளுக்கு இங்கே அதுதான் பெயர். அலுமினியப் பவுடர் ஏறி அவள் விரல்கள் எப்போதும் வெள்ளிப் பூச்சு பூசினதுபோல இருக்கும்.

"வேதியியல்ல தொண்ணூத்தொண்ணு. வாங்கினவ உங்க மக" என்று கார்டை நீட்டினாள் பெர்சிஸ்.

"அம்புட்டும் உங்க கடலை செஞ்ச வேலை டீச்சர். வீட்லயும் கடலைய ஊறப்போட்டு உக்காந்துருதா. சுண்டல் வச்சுத் தாடின்னா, இது மீத்தேன்னு சொல்லுதா."

சிரித்துக்கொண்டே வெள்ளைத்தாய் பேனாவை வாங்கினாள். கை அருகில் வந்தது. பெர்சிஸின் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன டீச்சர் மூஞ்சியச் சுளிக்கீக? குளிக்காம வந்துட்டேன்னா?"

"இல்லக்கா. கையில என்ன வாடை அது?"

"அதுவா! கக்கூஸ் வாடை கணக்கா இருக்குல்ல? ரெண்டு தரம் சோப்புப் போட்டுட்டேன், போவ மாட்டேங்கு. மருந்துச் சட்டில இருந்து வருது. பத்திரகாளி இருக்காளே, எங்கூட வேலை பாக்கவ, அவ கேக்கா, 'ஏ, சட்டில எவடி ஒண்ணுக்குப் போனவ'ன்னு."

"எந்தச் சட்டி?"

"நேத்து மிச்சம் கிடந்த சட்டிதான். மிச்ச மருந்தை அன்னன்னிக்கே குழில கொட்டி எரிச்சிருவோம். நேத்து மழைல குழி நெறைய தண்ணி. எங்க எரிக்க? போர்மேன் அண்ணந்தான் ஈரச் சாக்கைப் போட்டு மூடச் சொன்னாரு. ஈரம் இருந்தா மருந்து அடங்கிக் கெடக்கும்லா."

பெர்சிஸ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினான்கு வருஷமாகப் பலகையில் எழுதி அழித்த ஒன்று இப்போது ஒரு மனுஷியின் விரலில் இருந்து வந்துகொண்டிருந்தது. அம்மோனியா. சந்தேகமே இல்லை.

மருந்தில் போடுவது நைட்ரேட் உப்பு. தட்டையாகப் படுத்திருக்கும் விசிறி. அது முக்காலியாக மாறி எழுந்து வெளியே வருகிறது என்றால், மூன்று ஆக்ஸிஜனையும் யாரோ பிடுங்கிக்கொண்டார்கள் என்று அர்த்தம். சட்டியில் வேறு யார் இருக்கிறார்கள்? அலுமினியம். ஆக்ஸிஜனைப் பிடித்தால் விடவே விடாத கை அது. ஆக்ஸிஜன் போன இடத்துக்கு ஹைட்ரஜனைக் கொடுக்கத் தண்ணீர் இருக்கிறது. அந்தப் பிடி இறுக இறுகச் சூடு வெளியே வரும். சாக்குக்குக் கீழே, மூடிய சட்டிக்குள், சூடு போக வழியில்லாமல் ஏறும். ஏறின சூட்டில் அடுத்த பிடி இன்னும் வேகமாகும். நேற்று சாயங்காலத்தில் இருந்து பதினேழு மணி நேரம்.

'யூரியா மூட்டையாக இருக்கலாம்' என்றது அவள் மனது. 'கழிவறை கழுவினதாக இருக்கலாம். நீ பயந்தாங்கொள்ளி. லைட்டருக்கே பயப்படுகிறவள். சீசன் நேரத்தில் ஒரு கம்பெனியை நிறுத்திவிட்டு, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்?'

"அந்த அறையில இப்ப யாரெல்லாம் இருக்காங்க?"

"பத்திரகாளியும் இன்னும் ரெண்டு பேரும். நான் போனா நாலு. ஏன் டீச்சர்?"

"போர்மேனுக்குப் போன் போடுங்க."

"போனெல்லாம் காலைலயே கேட்டுல வாங்கிப் போட்டுருவாக. ஆபீசுல மணி அடிச்சாலும் சனிக்கிழமை எடுக்க ஆளு இருக்காது."

தலைமையாசிரியர் அறைக்குள் போய், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் "என்ன விஷயம்" என்று எழுவதற்குள் பெர்சிஸ் வெளியே வந்துவிட்டாள். ஸ்கூட்டரில் சாவியைச் செருக மூன்று முறை முயல வேண்டியிருந்தது. வெள்ளைத்தாய் பின்னால் ஏறிக்கொண்டாள்.

மூன்று கிலோமீட்டர். இரண்டு பக்கமும் உடைமரக் காடு. வழியெல்லாம் பெர்சிஸ் தன் வகுப்பில் சொன்னதையே தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள், எங்காவது தப்பு இருக்கிறதா என்று. தப்பு இருந்தால் நன்றாக இருக்கும். ஆண்டவரே, ஒரு தப்பு இருக்கட்டும். கிடைக்கவில்லை.

கேட்டில் வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார். "டீச்சர், உங்க சேலை பாலியஸ்டர். இதோட உள்ள விட்டா எனக்கு வேலை போயிரும். பருத்தி மட்டுந்தான்."

அது சரியான விதிதான். பாலியஸ்டர் உரசினால் பொறி வரும். பெர்சிஸுக்கே அது தெரியும்.

"நான் போய்ச் சொல்லுதேன்" என்று வெள்ளைத்தாய் செருப்பைக் கழற்றினாள். அவள் கட்டியிருந்தது பருத்தி.

பெர்சிஸ் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்போம் என்று அவளுக்கே தெரியாது. "நீங்க போகக் கூடாது."

"நான் போகாம பின்ன யாரு டீச்சர்?"

"போர்மேனை இங்க வரச் சொல்லுங்க" என்றாள் வாட்ச்மேனிடம். குரல் கிறீச்சிட்டது. "விசில் ஊதுங்க."

விசில் சத்தம் கேட்டுப் போர்மேன் இராமகிருஷ்ணன் வந்தார். ஐம்பதைத் தொட்டவர். வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, அவசரமே இல்லாத நடை. அவர் கேட்டை எட்டும்வரை பெர்சிஸ் வெள்ளைத்தாயின் முழங்கையை விடவில்லை.

"வாங்க டீச்சரம்மா. என்ன, வெள்ளைத்தாயி மக பெயிலாயிட்டாளா?"

"அறையில இருக்கிறவங்களை வெளிய கூப்பிடுங்க. எல்லாரையும். இப்பவே."

"ஏன், பாம்பு கீம்பு பாத்தீகளா?"

"சட்டியில இருந்து வர்ற வாடை அம்மோனியா."

"காலைல இருந்தே வருது. மழை ஈரம் டீச்சரம்மா. நாலு வெயில் அடிச்சாப் போயிரும்."

"ஈரத்தாலதான் வருது."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை, பொறுமையான சிரிப்பு. "நான் இருவத்திரெண்டு வருசம் சரவெடியில, திரி மருந்துல இருந்தவன். போன ஆடிலதான் பேன்சிக்கு வந்தேன். கரிமருந்து மேல ஒரு செம்புத் தண்ணிய ஊத்துங்க, பச்சப்புள்ள கணக்காத் தூங்கிரும். ஈரமா கெடக்குதது எப்படி வெடிக்கும்?"

"அது கரியும் கந்தகமும். அதுக்கு நீங்க சொல்றது சரி. இதுல அலுமினியப் பவுடர் இருக்கு அண்ணே. இது தண்ணி பட்டா தூங்காது, முழிச்சுக்கிடும். வாடை வருதுன்னா முழிச்சு ரொம்ப நேரமாச்சுன்னு அர்த்தம்."

"புஸ்தகத்துல அப்படிப் போட்டுருக்கோ?"

"சட்டியத் தொட்டுப் பாத்தீங்களா?"

"தொட்டேன். இளஞ்சூடா இருந்துச்சு. வெயிலு..."

"அறைக்குள்ள ஏது வெயில்?"

இராமகிருஷ்ணன் திரும்பி அறைப் பக்கம் பார்த்தார்.

"சாக்கை எத்தனை தடவை நனைச்சீங்க?"

"காலைல இருந்து மூணு தரம். நனைச்சு நனைச்சுப் போடுதேன், அது காஞ்சு காஞ்சு..."

அந்த வார்த்தையிலேயே அவர் நின்றுவிட்டார். மழை பெய்து ஓய்ந்த ஊரில், ஓடு வேய்ந்த அறைக்குள், ஒரு சாக்கு மூன்று முறை காய்ந்திருக்கிறது. அவர் முகம் மாறுவதைப் பெர்சிஸ் பார்த்தாள். ஒரு முகம் அப்படி மாறி அவள் பார்த்ததில்லை. முகம் வெளிறுவது கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த நொடி அவர் கேட்டோரம் தொங்கிய பித்தளை மணியின் கயிற்றை இழுத்து அடிக்க ஆரம்பித்தார்.

ஓடி வருவதை அங்கே எல்லாருக்கும் பழக்கியிருந்தார்கள். தனித்தனியாகச் சிதறிக் கிடந்த சின்னச் சின்ன அறைகளில் இருந்து ஆட்கள் வெறுங்காலோடு பாய்ந்து வந்தார்கள். யாரும் கத்தவில்லை. காலடிச் சத்தம் மட்டும். வாட்ச்மேன் ரிஜிஸ்டரைத் திறந்தார். காலையில் உள்ளே போனது இருபத்தாறு பேர். பெர்சிஸ் எண்ணினாள். இருபத்தைந்து.

திரும்ப எண்ணினாள். இருபத்தைந்து.

"பத்திரகாளி எங்க?" என்றாள் வெள்ளைத்தாய்.

அதே அறையில் இருந்து வந்த ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னாள்: "கையி நாறுதுன்னு பின்னால தொட்டிக்குக் கழுவப் போனா. அவளுக்குத்தான் இடது காது கேக்காதே. மோட்டாரு வேற ஓடுது."

தண்ணீர்த்தொட்டி அந்த அறைக்கு நேர் பின்னால். பத்தடி தூரம் இருக்கும்.

அந்த நேரத்தில் தான் என்ன செய்தாள் என்று பெர்சிஸ் பிறகு யாரிடமும் மறைத்ததில்லை. ஒன்றும் செய்யவில்லை. கால்கள் மண்ணில் புதைந்துபோயின. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கில் பழைய ஆஸ்பத்திரி நடைபாதை ஏறிக்கொண்டிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடியது இராமகிருஷ்ணன்தான். மடித்துக் கட்டிய வேட்டியோடு, வெறுங்காலில், அந்த அறையைத் தாண்டி அதன் பின்னால் மறைந்தார்.

வெள்ளைத்தாய் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள். காளியம்மனாக இருக்கலாம். பெர்சிஸுக்கு இயேசுவின் பெயர்கூட முழுதாக வாயில் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு பாடவேளை மாதிரி இருந்தது. வாட்ச்மேன் பிறகு சொன்ன கணக்குப்படி அரை நிமிஷம்.

முதலில் பத்திரகாளியின் குரல்தான் வந்தது.

"கைய விடுய்யா! சேலை அவுருது! எதுக்கு இப்படி இழுக்க? சோப்பு கூடக் கழுவலை!"

இராமகிருஷ்ணன் அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். அறைகளுக்கு நடுவே ஆளுயரத்துக்கு மண்ணைக் குவித்து மேடு போட்டிருந்தது. அவர்கள் அந்த மேட்டைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார்கள். பத்திரகாளி இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.

சத்தத்துக்கு முன்னால் வெளிச்சம் வந்தது. பட்டப்பகலில், வெயிலைவிட வெள்ளையாக. பிறகு தரை தூக்கிப் போட்டது. பெர்சிஸ் கீழே கிடந்தாள். மேலே ஓட்டுச் சில்லுகள் விழுந்துகொண்டிருந்தன. எந்தச் சத்தமும் இல்லாமல் அவை விழுவது விசித்திரமாக இருந்தது. காது அடைத்துப் போயிருக்கிறது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அறை இருந்த இடத்தில் நான்கு மூலைக்கல் மட்டும் நின்றது. தண்ணீர்த்தொட்டி இல்லை.

மேட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் குப்புறக் கிடந்தார்கள். பெர்சிஸின் காதில் சத்தம் மெல்லத் திரும்பிய நேரம், பத்திரகாளி எழுந்து உட்கார்ந்தாள். தலை முழுக்க மண். தன் வலது காதைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"ஏ வெள்ளைத்தாயி! இந்தக் காதும் போச்சாடி எனக்கு? நீ வாய அசைக்க, ஒண்ணும் கேக்கலையே!"

"நான் பேசவே இல்லடி!" என்று கத்திவிட்டு, வெள்ளைத்தாய் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இராமகிருஷ்ணனுக்கு முதுகில் ஓடு வெட்டியிருந்தது. ரத்தம் வழிந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. மேட்டில் சாய்ந்து உட்கார்ந்து, மூலைக்கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பெர்சிஸ் யாரிடமோ ஒரு துண்டை வாங்கி முதுகில் அழுத்தினாள். அவர் ஏதோ சொன்னார். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"நேத்து மழைல ரெண்டு பேரு எனக்குப் போன் பண்ணாக டீச்சரம்மா. குழில தண்ணி நிக்கு, மிச்ச மருந்தை என்ன செய்யன்னு கேட்டாக. நான் பெரிய அனுபவஸ்தன்லா. ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்க, ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னேன்."

பெர்சிஸின் கை துண்டில் அப்படியே நின்றது. "யாரு ரெண்டு பேர்?"

"ஒருத்தன் விஸ்வநத்தத்துல. அவன் சரவெடி மட்டுந்தான் போடுதான்."

"கரிமருந்துதானே? அதுல பயமில்ல. இன்னொருத்தர்?"

"என் மச்சினன் கருப்பணன். நாரணாபுரத்துல." அவர் வாட்ச்மேனைப் பார்த்துக் கையை நீட்டினார். "அவனும் மணிமருந்துதான்."

வாட்ச்மேன் கேட்டுப் பெட்டியில் இருந்து அவருடைய போனை எடுத்துக் கொடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கருப்பணனின் போனும் இந்நேரம் அவர் கம்பெனி கேட்டில் ஒரு பெட்டிக்குள்தானே கிடக்கும். இராமகிருஷ்ணன் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. தூரத்தில் தீயணைப்பு வண்டியின் சத்தம் வந்தது. அதன் பின்னாலேயே போலீஸும் வரும்.

"நான் இப்ப இங்கன இருந்து கிளம்புனா, போர்மேன் ஓடிட்டான்னு எழுதிருவாக. எழுதிட்டுப் போறாக. ஆனா வண்டில ஏற முடியலையே டீச்சரம்மா. நீங்க சொன்னா அவன் கேக்க மாட்டான். பொம்பளை சொல்லுதான்னு சிரிப்பான். நானே சிரிச்சேனே."

பெர்சிஸ் தன் போனை அவர் வாயருகே பிடித்தாள். "நீங்களே சொல்லுங்க. பதிவு பண்றேன்."

அவர் பேசினார். இரண்டு முறை இருமிவிட்டு, மூன்றாவது முறை தெளிவாக: "மாப்ளே, நாந்தான். எங்க அறை போயிருச்சுலே. ஆளு சேதமில்ல. நான் சொன்னது தப்புலே. சாக்கைத் தொடாத, தண்ணி ஊத்தாத, எல்லாரையும் வெளிய கூட்டு. டீச்சர் சொல்லுததைக் கேளு."

வந்திறங்கிய தீயணைப்பு வீரர்களிடம் நாரணாபுரத்தையும் சொல்லிவிட்டுப் பெர்சிஸ் ஸ்கூட்டரை எடுத்தாள். அவர்கள் அங்கே தகவல் சொல்லி இன்னொரு வண்டி கிளம்ப நேரமாகும். வெள்ளைத்தாய் கேட்காமலே பின்னால் ஏறினாள். "எனக்கு அந்தக் கம்பெனிக்குக் குறுக்குவழி தெரியும்" என்றாள்.

குறுக்குவழி என்பது மழையில் ஊறின கரிசல். வண்டி இரண்டு முறை சறுக்கியது. இப்போது பெர்சிஸுக்குப் பயம் குறைந்திருந்தது என்று சொன்னால் பொய். முன்பு அவளுக்குத் தெரிந்த பயம் பாடப்புத்தகப் பயம். இப்போது அதன் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டாள், தரை தூக்குவதைப் பார்த்துவிட்டாள். கண் பாதையில் இல்லை. நாரணாபுரம் இருக்கும் திசையில் வானத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். வெள்ளையாக ஏதாவது எழுகிறதா?

"டீச்சர், பாதையப் பாருங்க! இதுல விழுந்து செத்தோம்னா அதையும் உராய்வுன்னுதான் எழுதுவாக!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. வண்டியை நிறுத்தவில்லை.

அந்தக் கேட்டில் வாட்ச்மேன் எதுவும் கேட்கவில்லை. அவர்களுடைய மண் படிந்த முகத்தைப் பார்த்தவுடனே விசிலை எடுத்தார். சத்தம் அங்கேயும் கேட்டிருந்தது. கருப்பணன் ஓடி வந்தார். நாற்பது வயது, மீசை, கையில் ஒரு காலி வாளி. பெர்சிஸ் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனை நீட்டினாள். இராமகிருஷ்ணனின் குரலை அவர் இரண்டாவது வரி வரை கேட்டார். பிறகு தன் கையில் இருந்த வாளியைப் பார்த்தார்.

"வாடை காலைலயே வந்துச்சு" என்றார் மெதுவாக. "இப்பத்தான் இன்னொரு வாளித் தண்ணி ஊத்திட்டு வாரேன்."

வாளியைப் போட்டுவிட்டு மணியைப் பிடித்தார். முப்பத்தொரு பேர் வெளியே வந்தார்கள். இந்த முறை எண்ணிக்கை முதல் தடவையே சரியாக இருந்தது. எல்லாரும் சாலையைத் தாண்டி, உடைமரங்களுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். தீயணைப்பு வண்டி வந்து தள்ளியே நின்றது. ஒன்றரை மணி ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. அறை அப்படியே நின்றது. ஓட்டின் மேல் ஒரு மைனா வந்து உட்கார்ந்து, பறந்து போனது.

மூன்று மணிக்குப் பிறகு கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் உள்ளே இருக்கிறது என்றாள் ஒருத்தி. சீசன் நேரத்தில் அரை நாள் போச்சே என்றான் ஒருவன். "வாடை வந்தா வெடிச்சிருமாக்கும்? எங்க வீட்டுத் தொழுவம் தினம் வெடிக்கணுமே" என்று இன்னொருவன் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களும் எழுந்து உள்ளே போகவில்லை.

கருப்பணன் பெர்சிஸ் பக்கத்தில் வந்து குத்தவைத்தார்.

"டீச்சர், அது அடங்கிருச்சா, இல்ல இன்னும் சூடு ஏறுதா? உங்களுக்குத் தெரியும்லா. எப்ப உள்ள போகலாம்?"

விசிறியும் முக்காலியும் அவளுக்குத் தெரியும். எந்தக் கை எந்தக் கையைப் பிடிக்கும் என்று தெரியும். மூடிய அறைக்குள், சாக்குக்குக் கீழே, இந்த நிமிஷம் அது எங்கே வந்து நிற்கிறது என்று இங்கிருந்து யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுவது சுலபம். முப்பத்தொரு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"தெரியல அண்ணே" என்றாள். "இன்னிக்கு யாரும் போக வேண்டாம். நாளைக்கும் வேண்டாம்."

கருப்பணன் தலையாட்டினார். அவர்கள் எல்லாரும் அந்த ஓட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.